ஒற்றைக் களஞ்சியங்களில் தொடர் ஒருங்கிணைப்பு விரைவான வரலாறு

பல நிரலாளர்கள் எழுதும் மாற்றங்களை அடிக்கடி ஒன்றுசேர்த்து, ஒவ்வொரு முறையும் மென்பொருளைத் தானியங்கியாகக் கட்டமைத்துச் சோதிக்கும் முறை தொடர் ஒருங்கிணைப்பு எனப்படும். கென்ட் பெக் முன்வைத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறை, இதற்குப் பத்து நிமிட வரம்பை வலியுறுத்துகிறது. காத்திருப்பு நீண்டால் நிரலாளர் பல மாற்றங்களைச் சேர்த்து மொத்தமாக அனுப்பத் தொடங்குவர். பிறகு பிழை எதில் புகுந்தது என்று தேடுவது பெரும்பாடு.

மோனோரெப்போ எனப்படும் ஒற்றைக் களஞ்சியத்தில் ஒரு நிறுவனத்தின் பல செயலிகளும் நூலகங்களும் ஒன்றாக இருக்கும். அங்கே ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றினாலும், தொடர்பே இல்லாத பொதிகளும் மறுபடி கட்டமைக்கப்படலாம். வேகமான கணினி வாங்குவது இதற்கு ஓரளவே உதவும். செய்த வேலையை மீண்டும் செய்யாதிருப்பதே உண்மையான தீர்வு.

இந்த எண்ணம் ஜாவாஸ்கிரிப்டை விடப் பழையது. 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப் பொழுது முழுவதும் இல்லாத பிழையைத் தேடினார். பிழையை அவர் ஏற்கெனவே திருத்தியிருந்தார். திருத்திய கோப்பைத் தொகுக்கத்தான் மறந்திருந்தார். முந்தைய நாள் மாலை இதே தொல்லையில் சிக்கியிருந்த ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், இதற்காக மேக் என்னும் கருவியை எழுதினார். ஒரு கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்து, தேவையானதை மட்டும் அது மீண்டும் தொகுக்கும்.

தொடர் ஒருங்கிணைப்பில் இந்த நேர அடையாளம் பயன்படவில்லை. பெரும்பாலும் ஒவ்வொரு சோதனையும் வெறும் கணினியில் தொடங்குகிறது. கிட் வழியே களஞ்சியத்தை நகலெடுத்தால் எல்லாக் கோப்புகளிலும் நகலெடுத்த நேரமே பதிவாகும். பழையதும் புதியதாகவே தோன்றும். எனவே பிற்காலக் கருவிகள் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹாஷ் எண்ணை நம்பின. அந்த எண் மாறாவிட்டால், முன்பு சேமித்த விளைவையே எடுத்துத் தரும். கூகுள் தன் உள்கருவியான பிளேஸை 2015-இல் பேசல் என்ற பெயரில் திறமூலமாக்கியது. பெயரும் பழைய ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றியதுதான்!

ஜாவாஸ்கிரிப்டில் பேபல் திட்டத்திலிருந்து பிறந்த லெர்னா, பல பொதிகளை ஒரே இடத்தில் பேண உதவியது; ஆனால் விளைவுகளைச் சேமித்து வைக்கவில்லை. கூகுளின் முன்னாள் பொறியாளர்கள் தொடங்கிய நர்வல் நிறுவனத்தின் என்எக்ஸ், எந்தப் பொதி எதைச் சார்ந்துள்ளது என வரைபடமாக்கி, மாற்றத்தால் பாதிக்கப்பட்டவற்றை மட்டும் சோதித்தது. ஜேரட் பால்மர் உருவாக்கிய டர்போரெப்போவை 2021 டிசம்பரில் வெர்செல் வாங்கியது. ஒருவர் கணினியில் கிடைத்த விளைவை மற்றவர்களும் தொலைச் சேமிப்பிலிருந்து பெற இவை வழிசெய்தன. லெர்னாவின் பராமரிப்பும் 2022-இல் நர்வலிடம் சென்றது.

இதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு பணி இரகசியமாகச் சார்ந்திருக்கும் சூழல் மாறியை ஹாஷில் சேர்க்காவிட்டால், சோதனைத் தளத்துக்கான முகவரியோடு கட்டமைத்த பழைய விளைவு பொதுத் தளத்துக்கே போய்ச் சேரலாம். சோதனையோ வெற்றி என்றே காட்டும். மெதுவான சோதனையை விடப் பொய்யான வெற்றி கொடியது. 2024-இல் வெளிவந்த டர்போரெப்போ 2, முன்கூட்டியே அறிவிக்காத சூழல் மாறிகளைப் பணிகளுக்குப் பொதுவாக வழங்காதிருப்பதையே இயல்பு அமைப்பாக்கியது.