கள்ளம் விளையாடியது யார்? மவுஸா, கொன்ட்ரோலரா?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

பெருநாள் லீவில் நம்ம பொடியன்கள் நடத்திய கேம் போட்டி எப்படி முடிந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். இறுதிச் சுற்றில் ஒருவர் கம்பியூட்டரில் கீபோர்டும் மவுஸும் வைத்து ஆடினார். மற்றவர் கொன்ட்ரோலர் பிடித்து ஆடினார். தோற்றவர் "மவுஸ்ல ஆடுறது கள்ளம்" என்றார். வென்றவர் "உன்ட கொன்ட்ரோலர் தானாவே குறி பார்க்குது, நீதான் கள்ளன்" என்றார். முதலாம் ஆண்டிலிருந்து ஒரே வாங்கில் இருந்த இருவரும் இப்போது பள்ளியில் வேறு வேறு ஸஃப்பில் நிற்கிறார்கள். "சேர், நீங்களே சொல்லுங்க" என்று தனித்தனியாக என்னிடம் வந்தும் விட்டார்கள்.

நான் வரலாறு படிப்பிக்கிற ஆள். தெரிந்த வழியில்தான் பதில் சொல்ல முடியும். (கேம் விளையாடுவது கூடுமா கூடாதா என்ற பேச்சுக்கு நான் வரவில்லை, அது உலமாக்களின் வேலை.)

இந்தச் சண்டைக்கு 60 வயதுக்கு மேலாகிறது. 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 'பி.டி.பி-1' என்ற கம்பியூட்டருக்கு 'ஸ்பேஸ்வோர்' என்ற விளையாட்டை எழுதினார்கள். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும், அவ்வளவுதான். அதைக் கம்பியூட்டரின் முகப்பில் இருந்த சின்னச் சுவிட்சுகளைத் தட்டித்தான் ஆட வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் முழங்கை வலித்தது. அதைவிடப் பெரிய பிரச்சினை, திரை ஒரு பக்கமாக இருந்ததால் ஒருவருக்கு நன்றாகத் தெரிந்தது, மற்றவருக்குத் தெரியவில்லை. அன்றே நியாயம் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஆலன் கோட்டக், பொப் சோண்டர்ஸ் என்ற இருவர் அங்கிருந்த மாதிரி ரயில் கழகத்தின் அறைக்குப் போய், கிடைத்த சாமான்களை வைத்து ஆளுக்கொரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து வந்தார்கள். சுடுகிற பொத்தானைச் சத்தம் வராததாகப் பார்த்து வைத்தார்கள். நீங்கள் எப்போது சுடப் பார்க்கிறீர்கள் என்று பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்கக்கூடாது அல்லவா! கவனியுங்கள், கையில் பிடிக்கிற கொன்ட்ரோலர் பிறந்ததே கம்பியூட்டருக்காக. இரு தரப்புக்கும் சமமாக இருக்க வேண்டும் என்பதும் அதைச் செய்ததற்கு ஒரு காரணம்.

பிறகு வழி பிரிந்தது. 1972இல் ரால்ஃப் பேயரின் கண்டுபிடிப்பு 'ஒடிசி' என்ற பெயரில் வீட்டு டிவிக்கு வந்தது, அதற்குத் திருகுகிற குமிழ்கள். 1977இல் அட்டாரி வந்தது, அதற்கு ஒரு தடியும் ஒரு பொத்தானும். 1982இல் நின்டெண்டோவின் குன்பெய் யொகோய் கையடக்க விளையாட்டு ஒன்றுக்குச் சிலுவை வடிவப் பொத்தான் வைத்தார். நம் வயதுக்காரர்கள் நகல் டிவி கேம் பெட்டிகளில் பெருவிரல் காய்க்கக் காய்க்க அமுக்கியது அதன் பிள்ளையைத்தான்.

கம்பியூட்டர் பக்கம், டக்ளஸ் எங்கல்பார்ட்டின் மவுஸ் 1960களிலேயே இருந்தாலும் அது அலுவலகச் சாமானாகவே வளர்ந்தது. 1993இல் வந்த 'டூம்' விளையாட்டைக்கூடப் பலர் கீபோர்டில் மட்டுமே ஆடினார்கள். 1996இல் 'குவேக்' வந்தபோது மவுஸால் மேலும் கீழும் பார்க்க முடிந்தது. அடுத்த வருடம் 'த்ரெஷ்' என்ற பட்டப்பெயரில் ஆடிய டெனிஸ் ஃபொங் ஒரு குவேக் போட்டியில் வென்று, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோன் கார்மாக்கின் சிவப்பு ஃபெராரி காரைப் பரிசாகக் கொண்டுபோனார். இடது கை கீபோர்டில், வலது கை மவுஸில் என்ற முறை பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் கைக்கு ஏன் அவ்வளவு பலம்? மவுஸை எவ்வளவு தூரம் நகர்த்துகிறோமோ அவ்வளவு தூரம் குறி நகரும், கை நின்றால் குறியும் நிற்கும். பிறையை விரலால் காட்டுவது போல. கொன்ட்ரோலர் தடி அப்படியல்ல. எவ்வளவு தள்ளுகிறோம் என்பது எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்றுதான் சொல்லும். சரியான இடம் வந்ததும் நாம்தான் விட வேண்டும். முன்பு வாப்பா கூரையில் ஏறி டிவி அன்டெனாவைத் திருப்புவார், நாங்கள் உள்ளே இருந்து "இன்னும் கொஞ்சம்... போதும், போதும்" என்று கத்துவோம். அதற்குள் தாண்டிப் போயிருக்கும். அதே கதைதான்.

இது கேம் செய்பவர்களுக்குத் தெரியாததல்ல. 1996இல் நின்டெண்டோ 64, 1997இல் சோனியின் டுவல்ஷொக் என்று தடிகள் வந்த பிறகும் சுடுகிற விளையாட்டில் கொன்ட்ரோலர் பின்தங்கியே இருந்தது. 2001இல் 'ஹேலோ' அதைச் சமாளித்த விதம், எதிரியின் மேல் குறி வரும்போது அதைக் கொஞ்சம் பிடித்துக் கொடுப்பது. ஆக, "தானாவே குறி பார்க்குது" என்று தம்பி சொன்னதில் பாதி உண்மை. ஆனால் அது ஒளித்துச் செய்த வேலை அல்ல, கேமைச் செய்தவர்களே ஒரு குறையை ஈடுகட்ட வைத்தது. மவுஸும் களவில் வந்ததல்ல.

இன்னொன்று. கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கலாம் அல்லது விடலாம், அரைவாசி அமுக்க வழியில்லை. அதனால் கார் ஓட்டப் போட்டியிலும் உதைபந்தாட்ட கேமிலும் கொன்ட்ரோலர்காரனே ராஜா. வென்ற தம்பி அதில் ஆடியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

'பப்ஜி மொபைல்' ஆடுகிற பிள்ளைகளுக்குத் தெரியும், அதே கேமை எமுலேட்டர் போட்டுக் கம்பியூட்டரில் ஆடுபவர்களைத் தனியாகத்தான் சேர்த்துவிடுகிறார்கள். நாமும் சொஃப்ட்போல் அணியையும் ஹார்ட்போல் அணியையும் ஒரே கிண்ணத்துக்கு ஆட விடுவதில்லையே. விதிமுறை எழுதும்போது எங்களுக்கு இது தோன்றவில்லை. விதிமுறையைப் பார்த்து ஒப்பமிட்டவர்களில் நானும் ஒருவன், அந்தப் பிழை என்னுடையதும்தான்.

கழகத்தில் கேட்டிருக்கிறேன். இறுதிச் சுற்றைத் திரும்ப வைப்பதென்றால் இருவரும் இரண்டு தடவை ஆட வேண்டும், ஒரு தடவை இருவருக்கும் மவுஸ், ஒரு தடவை இருவருக்கும் கொன்ட்ரோலர். இரண்டாவது கொன்ட்ரோலர் ஒன்று தேவைப்படுகிறது. வீட்டில் வேலை செய்கிறது ஒன்று இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் கொமென்டில் சொல்லுங்கள்.