ஜொகூர் செர்பெகெத் சிங்: காற்பந்துத் திடலும் இரண்டாம் தொழிலும்

மலேசிய இந்தியர் வரலாற்றை எழுதியோர் தோட்டத் தொழிலாளர், தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி, சமயம் ஆகியவற்றுக்கு அளித்த இடத்தை விளையாட்டுக்கு அளிக்கவில்லை. அளித்தபோதும் கிண்ணங்களும் கோல்களுமே பதிவாயின. ஆட்டம் ஓய்ந்தபின் அவ்விளையாட்டாளர் எவ்வாறு வாழ்ந்தார் என்ற வினா எழுப்பப்பெறவே இல்லை. அவ்வினாவை ஒருவரின் வாழ்க்கையை முன்வைத்து அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் ஜொகூர் பாருவில் 1960ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் பிறந்த செர்பெகெத் சிங். மக்கள் வழங்கிய பெயர் 'ஷெபி' சிங். பஞ்சாபியரான அவரைத் தமிழ் ஆய்விதழில் பேசுவானேன் என்று சிலர் கருதக்கூடும். காற்பந்துத் திடலில் தமிழரும் சீக்கியரும் மலையாளிகளும் தனித்தனி வரலாறு கொண்டவர்கள் அல்லர். ரா. ஆறுமுகமும் சந்தோக் சிங்கும் ஒரே தேசிய அணியில் ஆடியவர்கள் என்பதை நினைவிற்கொள்ளல் தகும்.

1921ஆம் ஆண்டு தொடங்கிய மலாயாக் கிண்ணப் போட்டி 1967இல் மலேசியக் கிண்ணமெனப் பெயர் மாறியது. நெடுங்காலம் அதில் ஆடியோர் காற்பந்தை நம்பி வாழ்ந்தவர்கள் அல்லர். காவல்துறை, நகராண்மை, வங்கி, அரசு நிறுவனம் என ஏதோவொரு பணியில் இருந்துகொண்டே மாலையில் பயிற்சிக்குச் சென்றனர். ஜொகூரில் 1972ஆம் ஆண்டு உருவான மாநிலப் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் அணி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது நிறுவனத்தின் பெயரையே தாங்கிய அணி. இவ்வேற்பாட்டில் ஊதியம் சிறிது. ஆயினும் கால் ஓய்ந்தபின் அமர்வதற்கு ஒரு நாற்காலி இருந்தது. 1989இல் அரைத் தொழில்முறை லீக்கும் 1994இல் முழுத் தொழில்முறை லீக்கும் வந்தன. ஊதியம் உயர்ந்தது, நாற்காலி போயிற்று. இம்மாற்றத்தின் இரு பக்கங்களிலும் நின்றவர் செர்பெகெத் சிங்.

தற்காப்பு ஆட்டக்காரரான அவர் ஜொகூர் மாநில அணியிலும் பின்னர்க் கோலாலம்பூர் அணியிலும் ஆடினார். தேசிய அணியிலும் இடம்பெற்றார். கோலாலம்பூர் 1987, 1988, 1989 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து மலேசியக் கிண்ணத்தை வென்றது. மூன்று இறுதியாட்டங்களிலும் எதிரணி கெடாவே. அவ்வணியின் வெற்றிக்குத் தாக்குதல் ஆட்டக்காரர்களே காரணமென இன்றும் பேசப்படுகிறது. தற்காப்பு வரிசையின் பங்கு உரிய அளவில் மதிக்கப்பெறவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அக்கால இந்திய ஆட்டக்காரர்க்கு ஆட்டத்திற்குப் பின் அமைந்த வழிகள் மிகச் சில. 'ஸ்பைடர்மேன்' எனப் புகழப்பெற்ற கோல்காவலர் ஆறுமுகம் 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியில் இருந்தவர். ஆப்கானிஸ்தான் படையெடுப்பை எதிர்த்து மலேசியா அப்போட்டியைப் புறக்கணித்தது. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் அவர் மறைந்தார். இரண்டாம் வாழ்க்கை என ஒன்று அவருக்கு வாய்க்கவே இல்லை. கி. ராஜகோபால் பயிற்றுநரானார், அவர் வழிநடத்திய அணிகள் 2009இல் சீ விளையாட்டுத் தங்கத்தையும் 2010இல் ஆசியான் காற்பந்துக் கிண்ணத்தையும் வென்றன. செர்பெகெத் சிங் தேர்ந்தது மூன்றாவது வழி: பேச்சு.

அவ்வழி திறந்த சூழலை ஆராய்தல் வேண்டும். 1994–95இல் ஆட்டச் சூதாட்ட ஊழல் மலேசியக் காற்பந்தை உலுக்கியது. பொதுவாக எடுத்துக்காட்டப்பெறும் கணக்கின்படி 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பெற்றனர். 58 பேர் இடைநீக்கம் செய்யப்பெற்றனர். ஆட்டக்காரரும் பயிற்றுநருமாக 21 பேர் பணிநீக்கம் பெற்றனர். திடலில் காண்பது மெய்யா பொய்யா என்ற ஐயம் எழுந்தபின் இருக்கைகள் காலியாயின. அதே வேளையில், 1996இல், ஆஸ்ட்ரோ துணைக்கோளத் தொலைக்காட்சி தொடங்கியது. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ஈ.எஸ்.பி.என். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் ஆங்கிலப் பிரிமியர் லீக்கை வரவேற்பறைக்குக் கொணர்ந்தது. ஜொகூர் இரசிகர் லார்க்கின் அரங்கத்தை மறந்து லிவர்பூலையும் மான்செஸ்டரையும் தம் ஊராகக் கொண்டனர்.

அந்நிறுவனத்தின் திரையில் ஆங்கில ஆட்டத்தை விளக்கியவராகவே ஷெபி சிங் நாடறிந்தவரானார். கோலாலம்பூர் அணியின் காலத்தில் அவரைக் கண்டிராத இளைஞரும் அவர் குரலை அறிந்திருந்தனர். முன்னாள் ஆட்டக்காரருக்குரிய நுட்பமும், எவரையும் விட்டுவைக்காத நேரிய பேச்சும், நல்ல ஆங்கிலமும் அவரிடம் ஒருங்கே இருந்தன. உள்நாட்டுக் காற்பந்தின் சரிவையும் அவர் கடிந்து பேசினார். ஆனால் அவருடைய இரண்டாம் தொழில் வளர்ந்ததே முதல் தொழிலின் தேய்வின்மீதுதான். இது அவர் குற்றமன்று. அவர் காலத்தின் அமைப்பு அது. 2006ஆம் ஆண்டு தொலைக்காட்சியின் வழியே அறியப்படாத இளைஞர்களைத் தேர்ந்து உருவாக்கிய 'மைடீம்' அணிக்கு அவர் பயிற்றுநரானதை இந்தப் பின்னணியில் நோக்க வேண்டும். உள்ளூர் ஆட்டத்தை விட்டுச் சென்ற பார்வையாளரைத் தொலைக்காட்சியைக் கொண்டே மீட்கும் முயற்சி அது.

பேச்சு அவரை இங்கிலாந்துக்கும் இட்டுச் சென்றது. புனேயின் கோழிப்பண்ணைத் தொழில் நிறுவனமான வெங்கீஸ், 1995ஆம் ஆண்டின் பிரிமியர் லீக் வாகையர் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்தை 2010 நவம்பரில் வாங்கியது. இந்திய உரிமையாளரைக் கொண்ட முதல் பிரிமியர் லீக் கழகம் அதுவே. பிளாக்பர்ன் ஒருகாலத்தில் இந்தியாவுக்கு வேட்டித் துணி நெய்து அனுப்பிய ஊர். அதன் அருகிலுள்ள டார்வெனுக்கு 1931இல் காந்தியடிகள் வந்து, வேலையிழந்த நெசவாலைத் தொழிலாளரைச் சந்தித்தார். அத்தகைய ஊரின் கழகத்தை இந்திய முதலீடு வாங்கியதும், ஜொகூர்க்காரர் ஒருவர் அதன் உலக ஆலோசகரானதும் காலனிய வரலாற்றைக் கற்பிப்போர் கவனிக்கத்தக்க திருப்பம்.

2012ஆம் ஆண்டின் நடுவில் அவர் அப்பொறுப்பை ஏற்றபோது அணி ஏற்கெனவே இரண்டாம் நிலை லீக்கிற்கு இறங்கியிருந்தது. தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் தோற்றால் மேலாளர் ஸ்டீவ் கீன் நீக்கப்படுவார் என இரசிகர் கூட்டமொன்றில் அவர் வெளிப்படையாகக் கூறினார். தொலைக்காட்சியில் கைதட்டல் பெற்றிருக்கக்கூடிய சொல், நிருவாகியின் வாயில் நெருக்கடியாயிற்று. கீன் செப்டம்பரில் விலகினார். அடுத்து வந்த ஹென்னிங் பெர்க் 57 நாளும் மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாளுமே நீடித்தனர். இக்குழப்பம் முழுவதையும் ஆலோசகரின் தலையில் சுமத்திய ஆங்கில இதழ்களின் போக்கு ஏற்புடையதன்று. உரிமையாளர் புனேயில் இருந்தனர். கழகத்திற்குள்ளேயே அதிகாரம் பிளவுபட்டிருந்தது. எனினும் விளக்கவுரையாளரின் நாவு வேறு, நிருவாகியின் நாவு வேறு என்பதை அவர் உணரத் தவறினார் என்றே கொள்ள வேண்டும். அப்பதவி நெடுநாள் நிலைக்கவில்லை.

இதற்கிடையில் அவர் பிறந்த மாநிலத்தின் காற்பந்து மாறியிருந்தது. பழைய மேம்பாட்டுக் கழக அணி 2013இல் ஜொகூர் டாருல் தக்சிம் எனப் பெயர் பெற்று, 2014 முதல் ஆண்டுதோறும் லீக் வாகை சூடியது. 2015இல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக் கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசிய அணியும் அதுவே, ச. குணாளன் அவ்வணியில் ஆடினார். வரவேற்பறைக்குப் போன இரசிகர்கள் மீண்டும் அரங்கிற்கு வந்தனர். 2020இல் இஸ்கந்தர் புத்ரியில் சுல்தான் இப்ராஹிம் அரங்கம் திறக்கப்பெற்றது. அதே இஸ்கந்தர் புத்ரியில் 2022ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், மிதிவண்டிப் பயிற்சியின்போது மயங்கி விழுந்து செர்பெகெத் சிங் காலமானார். அப்போது அவருக்கு வயது 61.