தேங்காயெண்ணெய் கலந்த வண்ணக் குச்சி

ஆயில் பேஸ்டல் முதலில் ஓவியர்களுக்காகச் செய்யப்பட்டது, பிறகுதான் மலிவாகிப் பிள்ளைகள் கைக்கு வந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடத்தில் ஒரு பிள்ளை புத்தகப்பையில் வைத்திருக்கும் அந்தக் குச்சி, பள்ளிக்கூடத்துக்காகவே பிறந்தது. பிக்காசோ அதைத் தேடிப் பிற்பாடுதான் வந்தார்.

நூறு ஆண்டுகளுக்கு முன் ஜப்பானியப் பள்ளிகளில் ஓவிய வகுப்பென்றால், பாடநூலில் அச்சிட்ட படத்தைக் கோடு பிசகாமல் பார்த்து வரைவதுதான். கனாயெ யாமமோட்டோ என்ற அச்சோவியர் பிரான்ஸில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1916இல் ரஷ்யா வழியாக ஊர் திரும்பினார். மாஸ்கோவில் குழந்தைகளின் ஓவியக் கண்காட்சி ஒன்றைப் பார்த்தார். பார்த்து எழுதாத, தானே கண்டு வரைந்த படங்கள். அது அவரை விடவில்லை. 1919இல் நாகானோ பகுதியில், தன் பெற்றோர் இருந்த கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் அதேபோல ஒரு கண்காட்சி வைத்தார். நகலை விடு, கண்ணால் கண்டதை வரை என்ற அந்த இயக்கம் மற்ற பள்ளிகளுக்கும் பரவியது.

ஆனால் பிள்ளைகள் கையில் இருந்த பொருள் ஒத்துழைக்கவில்லை. மெழுகு கிரேயான் கெட்டி. ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றைத் தேய்த்தால் வழுக்கும், கலக்காது. சுண்ணக்கட்டி போன்ற பழைய பேஸ்டல் நன்றாகக் கலக்கும், ஆனால் தூளாக உதிர்ந்து சட்டையெல்லாம் ஒட்டும். இரண்டின் நல்ல குணமும் ஒன்றில் வேண்டும். 1921இல் தொடங்கப்பட்டு, பின்னாளில் சகுரா என்று பெயர் பெற்ற நிறுவனம் இதில் இறங்கியது. மெழுகோடும் நிறப்பொடியோடும் ஸ்டியரிக் அமிலத்தையும் தேங்காயெண்ணெயையும் சேர்த்துப் பார்த்தார்கள். பதம் கிடைத்தது. 1925இல் ‘கிரேப்பாஸ்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது.

தேங்காயெண்ணெய் என்றதும் நமக்கே தெரியும், மார்கழிக் காலையில் அது பாட்டிலுக்குள் உறைந்து நிற்கும். அந்தக் குச்சிக்கும் அதே பாடுதான். குளிரில் இறுகியது, வெயிலில் இளகியது. அதனால் தொடக்கத்தில் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று இரண்டு வகை செய்து விற்றார்கள். எல்லாப் பருவத்துக்கும் ஆன கலவை அமைய மேலும் சில ஆண்டுகள் ஆயின. கத்திரி வெயிலிலும் பெண்ணாடத்து வகுப்பறையில் குச்சி குழையாமல் நிற்கிறதென்றால், அந்தப் பொறுமையான வேலைதான் காரணம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பிக்காசோ பாரிஸில் வண்ணம் தயாரித்த ஹென்றி சென்னலியேவிடம் போனார். காகிதம், மரம், துணி, எதன் மேலும் ஒட்டுகிற குச்சி வேண்டும் என்றார். 1949இல் ஓவியர்களுக்கான ஆயில் பேஸ்டல் தயாரானது. அதே காலத்தில், 1947 முதல், பிக்காசோ வல்லோரி என்ற மண்பாண்ட ஊரில் தட்டும் ஜாடியுமாகச் செய்துகொண்டிருந்தார். பெண்ணாடத்துக்குப் பக்கத்து ஊரான விருத்தாசலம், செராமிக் தொழிற்பேட்டையால் பெயர் பெற்ற ஊர். அங்குள்ளவர்களுக்கு அந்த வேலையின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது பள்ளிகளில் வான்கோ பாணி, பிக்காசோ பாணி என்று பிள்ளைகளை வரையச் சொல்வது பெருகியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் வான்கோவின் விண்மீன் இரவை முப்பது பிள்ளைகளும் அப்படியே வரைந்து சுவரில் ஒட்டினால், யாமமோட்டோ எதை எதிர்த்தாரோ அதையே, அவரால் பிறந்த குச்சியைக் கொண்டே செய்தவர்களாவோம். பெரிய ஓவியர்களும் பிறர் படத்தைப் பார்த்து வரைந்தவர்கள்தாம். வான்கோ 1887இல் ஹிரோஷிகேயின் ஜப்பானிய அச்சோவியங்களைப் பார்த்து வரைந்தார், வண்ணத்தைத் தன் இஷ்டத்துக்கு ஏற்றினார். பிக்காசோ 1957இல் வெலாஸ்கெஸின் ஒரே ஓவியத்தை வைத்து 44 படங்கள் வரைந்தார். ஒன்றுகூட நகல் இல்லை.

பெண்ணாடத்துப் பிள்ளைகளுக்கு வான்கோவின் கையோட்டத்தை மட்டும் கொடுத்துவிட்டு வெள்ளாற்றையும் கரும்புக் கொல்லையையும் வரையச் சொல்லிப் பாருங்கள். தோகை காற்றில் சாய்வதற்கு அந்தத் தடித்த கோடு எவ்வளவு பொருந்துகிறது! ஒரு பொருளின் பல பக்கங்களை ஒரே படத்தில் காட்டும் கியூபிசத்தைச் சொல்லித்தர அங்குள்ள பிரளயகாலேசுவரர் கோயிலைவிட வசதியான இடம் வேறு கிடைக்காது. அது தூங்கானை மாடம், அதாவது விமானத்தின் பின்புறம் யானை முதுகாக வளைந்திருக்கும். முன்னாலிருந்து பார்ப்பவருக்கு அந்த வளைவு தெரியாது. முன்பக்கத்தையும் பின்வளைவையும் ஒரே தாளில் காட்டு என்றால், பத்து வயதுப் பிள்ளை பிக்காசோவின் சிக்கலைத் தானே கண்டுபிடித்து, தானே தீர்க்கும்.

தாள்தான் வேண்டுமென்பதில்லை. முதல் சூட்டோடு நின்ற, கிளேஸ் பூசாத செராமிக் ஓடு சொரசொரப்பாக இருக்கும். குச்சி அதில் நன்றாகப் பிடிக்கும். விளிம்பு உடைந்து விற்பனைக்கு ஆகாத துண்டுகளே போதும். வரைந்த பிறகு சூளையில் மட்டும் வைக்கக் கூடாது, வண்ணம் எரிந்துவிடும். முழுவதும் காயாத வண்ணம் என்பதால் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் வேண்டாம். அடுக்கியே ஆக வேண்டுமென்றால் இடையில் வெண்ணெய்த் தாள் வையுங்கள்.