தலைவலி மாத்திரையும் ஒன்பது நீதிபதிகளும்

தலைவலி வந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுப்பீர்கள். அந்த மாதிரி மாத்திரையை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று சந்தேகப்பட்டு, ஒரு எட்டாங்கிளாஸ் பெண்ணை உடைகளைக் கழற்றச் சொன்னார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சாஃபோர்ட் என்ற சின்ன ஊரில். 2003, அக்டோபர் 8.

வயசு பதிமூன்று. (பெயர் நமக்கு எதற்கு? வழக்குக் கட்டில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.) நன்றாகப் படிக்கிற பெண். எந்த வம்பிலும் மாட்டாதவள். கணக்கு வகுப்பில் இருந்தவளை உதவித் தலைமையாசிரியர் கூப்பிட்டார். அவர் மேஜைமேல் ஐந்து மாத்திரைகள். நாலு இபுப்ரோஃபென், ஒரு நாப்ராக்ஸென். எல்லாமே வலி மாத்திரைகள்தான். 'இவள்தான் கொடுத்தாள்' என்று இன்னொரு மாணவி கைகாட்டியிருந்தாள். அனுமதியில்லாமல் எந்த மாத்திரையும் பள்ளிக்குள் வரக்கூடாது என்பது விதி.

தனக்கு எதுவும் தெரியாது என்றாள். வேண்டுமானால் பையைப் பாருங்கள் என்றாள். பார்த்தார்கள். ஒன்றுமில்லை. அதோடு விட்டிருக்கலாம் இல்லையா?

நர்ஸ் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு பெண் ஊழியர்கள். ஜாக்கெட், ஷூ, சாக்ஸைக் கழற்று. சரி. சட்டை, பேன்ட்டைக் கழற்று. சரி. கடைசியில், உள்ளாடைகளை இழுத்து உதறிக் காட்டு. மாத்திரை விழவில்லை. அழப்போவது அவர்களுக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்று தலையைக் குனிந்தபடியே நின்றாளாம். அம்மாவுக்கு யாரும் ஒரு போன்கூடப் போட்டுக் கேட்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் அதன்பிறகு படிக்கவும் இல்லை.

அம்மா கோர்ட்டுக்குப் போனார். முதல் இரண்டு சுற்றும் பள்ளிக்குச் சாதகம். 2008-ல் பெரிய பெஞ்ச் கேட்டது. 6-க்கு 5. மயிரிழையில் பெண் பக்கம் ஜெயம். பள்ளி நிர்வாகம் விடுமா? சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய்விட்டது.

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். விளையாட்டு வகுப்புக்காக எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில் ஒருவர் எதிரே ஒருவர் உடை மாற்றுவது அமெரிக்கப் பள்ளிகளில் ரொம்ப காலத்து வழக்கம். 1995-ல் ஒரு வழக்கு. விளையாட்டில் சேரும் மாணவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாமா என்று கேள்வி. செய்யலாம் என்று தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்காலியா, கூச்சப்படுகிறவர்களுக்குப் பள்ளி விளையாட்டு ஒத்துவராது, உடை மாற்றும் அறையில் அந்தரங்கம் ஏது என்கிற ரீதியில் சொல்லிவிட்டார். கூட்டத்தில் சட்டை கழற்றுகிற பிள்ளைக்கு மானம் கொஞ்சம் குறைச்சல்தான் என்று ஆகிப்போனது!

2009 ஏப்ரல் 21. சாஃபோர்ட் வழக்கில் வாதம். நீதிபதி பிரையர் தன் பால்யத்தை எடுத்துவிட்டார். விளையாட்டு வகுப்புக்கு நாங்களும் தினம் உடை மாற்றியவர்கள்தானே, என் உள்ளாடைக்குள் பையன்கள் எதையாவது திணித்ததும் உண்டே என்றார். கோர்ட்டே சிரித்தது.

ஒருவருக்குச் சிரிப்பு வரவில்லை. ரூத் பேடர் கின்ஸ்பர்க். ஒன்பது பேரில் அன்றைக்கு இருந்த ஒரே பெண். வழக்கு நிலுவையில் இருக்கும்போது நீதிபதி வாய் திறப்பது அபூர்வம். அவர் திறந்தார். சகாக்கள் யாரும் ஒருகாலத்தில் பதிமூன்று வயசுப் பெண்ணாக இருந்ததில்லையே என்றார் ஒரு பத்திரிகைப் பேட்டியில்.

ஜூன் 25. தீர்ப்பு. 8-க்கு 1. சோதனை செய்தது தப்பு. பிரையரும் அந்த எட்டில் ஒருவர். எழுதியவர் சூட்டர். விளையாட உடை மாற்றுவது வேறு, திருடி மாதிரி நிறுத்திக் கழற்றச் சொல்வது வேறு என்று பிரித்தார். முன்னதில் பிள்ளை ஆடத் தயாராகிறது. பின்னதில் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்கிறது. இரண்டிலும் கழற்றுவது ஒரே சட்டைதான். ஆனாலும் ஒன்றில்லை. இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்ல ஆறு வருஷம் ஆயிற்று, பாருங்கள்.

சரி, செய்தவர்களுக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை. 2003-ல் சட்டம் இதில் தெளிவாக இல்லை, ஆகவே அவர்கள் நஷ்டஈடு தரவேண்டாம் என்று 7-க்கு 2 கணக்கில் விட்டுவிட்டார்கள். முடியாது என்ற இரண்டு பேரில் ஒருவர் கின்ஸ்பர்க். இன்னொருவர் ஜான் பால் ஸ்டீவன்ஸ். பதிமூன்று வயசுக் குழந்தையின் உடையைக் களைவது உரிமை மீறல் என்று கண்டுபிடிக்க அரசியல் சட்ட மேதை தேவையில்லை என்ற பழைய தீர்ப்பு வாசகத்தை எடுத்துப்போட்டிருந்தார். அவரும் பதிமூன்று வயசுப் பெண்ணாக இருந்ததில்லைதான். அப்போது அவருக்கு வயது 89.