வளர்ப்புத் தட்டில் நிகழும் தேர்வு: மனிதக் குருத்தணுக்களின் மரபணுப் பிறழ்வுகள் குறித்து

ஆய்வகத்தில் வளரும் மனிதக் குருத்தணுக்களில் (ஸ்டெம் செல்) மரபணுப் பிறழ்வு தோன்றுவதைத் தவிர்க்க இயலாது. உயிரணு பகுபடும்தோறும் டி.என்.ஏ. படியெடுப்பில் சில பிழைகள் நேர்ந்தே தீரும். அவற்றுள் எது நிலைத்துப் பெருகுகிறது என்பதே சிகிச்சையின் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது. ஆகவே, ஓர் உயிரணுத் தொடருக்குத் தொடக்கத்தில் ஒருமுறை வழங்கப்படும் தரச்சான்று போதாது என இக்கட்டுரை வாதிடுகிறது.

வளர்ப்புத் தட்டு நிறைந்ததும் உயிரணுக்களை நொதிக் கரைசலால் பிரித்து, ஒரு பங்கைப் புதிய தட்டுக்கு மாற்றுவது அன்றாட வழக்கம். மனிதக் குருத்தணுக்கள் கூட்டமாக வாழ்பவை. தனித்தனியே பிரித்தால் பெரும்பாலானவை தம்மைத்தாமே அழித்துக்கொள்ளும். அப்போது சாகாமல் தப்பும் உயிரணுவின் வழித்தோன்றல்கள் அடுத்தடுத்த தட்டுகளை நிறைக்கின்றன. இதுவே தேர்வு. பன்னாட்டுக் குருத்தணு முன்முயற்சி 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. அது ஆராய்ந்த 125 கருக் குருத்தணுத் தொடர்கள், உடல் உயிரணுக்களிலிருந்து தூண்டி உருவாக்கிய 11 குருத்தணுத் தொடர்கள் ஆகியவற்றுள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில், 20ஆம் குரோமோசோமின் ஒரே பகுதி கூடுதலாக இருந்தது. அப்பகுதியிலுள்ள பிசிஎல்2எல்1 மரபணு உயிரணுச் சாவைத் தடுப்பது. பல நாட்டு ஆய்வகங்களில் ஒரே மாற்றம் மீண்டும் மீண்டும் வருவதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது, தேர்வு நிகழ்ந்திருக்கிறது.

2017இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 140 கருக் குருத்தணுத் தொடர்களின் புரதக் குறியீட்டுப் பகுதிகளை வரிசைப்படுத்தினர். 5 தொடர்களில், புற்றுநோயைத் தடுக்கும் டிபி53 மரபணுவில் 6 பிறழ்வுகள் தென்பட்டன. வளர்ப்பு நீள நீள, பிறழ்ந்த உயிரணுக்களின் விகிதமும் கூடியது. வழக்கமான குரோமோசோம் பட்டைச் சோதனை இவற்றைக் காட்டாது. டி.என்.ஏ.வில் பல பத்து இலட்சம் எழுத்துகள் கூடினாலோ குறைந்தாலோதான் அது கண்டறியும். ஓர் எழுத்து மாறியிருந்தால் அதன் கண்ணில் படாது.

உடலின் இயல்பான உயிரணுக்களிலும் பிறழ்வுகள் உண்டே, குருத்தணுக்களில் மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது; கெடுபிடியால் ஒரு சிகிச்சையே நின்றதுண்டு. ஜப்பானின் கோபேயில் 2014இல் ஒரு நோயாளிக்கு, அவரது தோல் உயிரணுக்களைக் குருத்தணுக்களாக மாற்றி உருவாக்கிய விழித்திரை உயிரணுக்கள் பொருத்தப்பட்டன. இரண்டாம் நோயாளிக்கென உருவாக்கிய குருத்தணுக்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததால், 2015இல் அச்சிகிச்சை நிறுத்தப்பட்டது. பிறழ்வே இல்லாத உயிரணுவைத்தான் ஏற்போம் என்றால் எந்தச் சிகிச்சையும் நடக்காது. எல்லாப் பிறழ்வும் ஒன்றே என்று கொள்வதும் தவறு. உயிரணுவின் போக்கைத் தொடாத மாற்றத்தையும், சாவைத் தடுத்தோ கட்டுப்பாட்டைக் குலைத்தோ பெருக்கத்துக்கு உதவும் மாற்றத்தையும் வேறுபடுத்துவதே அறிவியல் நெறி. தட்டில் முந்தவைக்கும் அதே பண்பு நோயாளியின் உடலில் கட்டியாகக்கூடும் என்பதால், இரண்டாம் வகைக்கே முதல் கவனம் வேண்டும்.

இதிலிருந்து இரண்டு கடமைகள் எழுகின்றன. முதலாவது, உடலில் செலுத்தவிருக்கும் அதே தொகுதியை, செலுத்துவதற்கு முன்னர் ஆழமாக வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். இரண்டாவது, உயிரணுக்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் சிறு கூட்டங்களாகவே மாற்றி, தட்டு மாற்றங்களின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். வளர்க்கும் முறையே தேர்வை நடத்துகிறது. எனவே அம்முறையையும் பாதுகாப்புச் சோதனைக்கு உட்படுத்தியாக வேண்டும்.