ரேடியோ நெல்

காவிரிக்கரை ஒலிபரப்பு – 6

1960-களின் பிற்பகுதியில் தஞ்சை மாவட்டத்து விவசாயியிடம் போய், குறுவைக்கு என்ன நெல் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால், 'ரேடியோ நெல்' என்று பதில் வந்திருக்கும். வேளாண்மைத் துறை அதற்கு வைத்த பெயர் ஏ.டி.டி. 27. நம்முடைய ஜி.ஈ.பி. 24 ரகத்தையும் ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும் கலந்து ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம். ஏறக்குறைய 105 நாள் பயிர். விதைக் கிடங்கு இருந்தது, கிராம சேவக் இருந்தார், துண்டுப் பிரசுரங்களும் இருந்தன. ஆனாலும் ஜனங்கள் அந்த நெல்லுக்குத் திருச்சி வானொலியை நினைத்துத்தான் பெயர் வைத்தார்கள். இதைவிடப் பெரிய விருதை எந்த வானொலி நிலையமும் வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

திருச்சி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது 1939 மே 16. சென்னை நிலையம் அதற்குப் பதினோரு மாதம் மூத்தது. 1938 ஜூன் 16. அடுத்த நிலையத்தை மதுரைக்கோ கோவைக்கோ கொடுக்காமல் ஏன் திருச்சிக்குக் கொடுத்தார்கள்? வரைபடத்தைப் பார்த்தாலே பாதிக் காரணம் விளங்கிவிடும். தமிழ் பேசும் மாவட்டங்களுக்கு நடுவில், ரயில்கள் கூடும் இடத்தில், டெல்டாவின் வாசலில் இருக்கிறது ஊர். மீதிக் காரணம் சென்னை நிலையத்தின் மத்திய அலைக் கருவி. அதன் சக்தி வெறும் கால் கிலோவாட். பட்டணத்தையும் சுற்றுப்புறத்தையும் தாண்டினால் கேட்காது. வெளியூர்க்காரர்கள் சிற்றலையில்தான் சென்னையைப் பிடிக்க வேண்டும். அது ஏறும், இறங்கும், சில நேரம் காணாமலே போகும். திருச்சிக்கு 5 கிலோவாட் மத்திய அலை கொடுத்தார்கள். மத்திய அலை பகலில் தரையை ஒட்டி ஓடும். ஈர மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால், தண்ணீர் கட்டிய வயல்மேல் அந்த அலை காய்ந்த பூமியில் போவதைவிடத் தூரமாகப் போகும். காவிரியும் வெண்ணாறும் பாயும் நிலமே இந்த நிலையத்துக்கு இரண்டாவது ஆன்டெனாவாக வாய்த்தது!

1939 டிசம்பரில் டாக்கா நிலையமும் சேர, ஆல் இந்தியா ரேடியோவுக்கு ஒன்பது நிலையங்கள் ஆயின. 1947 பிரிவினையில் லாகூர், பெஷாவர், டாக்கா மூன்றும் பாகிஸ்தானுக்குப் போயின. இந்தியாவுக்கு மிஞ்சியவை டெல்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, திருச்சி. ஆறில் இரண்டு தமிழ் நிலையங்கள்! சுதந்திர இந்தியாவின் ஒலிபரப்பு வரலாற்றை எழுதுகிறவர்கள் டெல்லியைச் சுற்றியே எழுதி, திருச்சியை ஒரு காற்புள்ளியில் கடந்துவிடுகிறார்கள்.

கிராமத்துக்காக ஒலிபரப்பு செய்வது திருச்சி கண்டுபிடித்த யோசனை அல்ல. 1956-ல் யுனெஸ்கோ உதவியோடு புனே பக்கத்துக் கிராமங்களில் ஒரு பரிசோதனை நடந்தது. இருபது பேரளவில் கூடி ரேடியோ கேட்க வேண்டும்; கேட்டதை விவாதித்து, கேள்விகளை நிலையத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். பத்தாண்டு கழித்து, 1966-ல், வேளாண்மைக்கென்றே தனிப் பிரிவுகளை ஆகாசவாணி சில நிலையங்களில் அமைத்தபோது திருச்சியும் அதில் ஒன்று. தமிழில் அதற்குப் பண்ணை இல்ல ஒலிபரப்பு என்று பெயர்.

புதிய ரகமும் புதிய பிரிவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தது நெல்லுக்கும் நல்லதாயிற்று, நிலையத்துக்கும் நல்லதாயிற்று. ஏ.டி.டி. 27 பழைய ரகங்கள்போல் விதைத்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடிய பயிர் அல்ல. நாற்றின் வயது, மேலுரம் போடும் நாள், பூச்சி மருந்து தெளிக்கும் நாள் எல்லாம் கணக்காக இருக்க வேண்டும். அதிகாரி ஊருக்கு என்றைக்கோ ஒரு நாள்தான் வருவார். ரேடியோ தினமும் சாயங்காலம் வரும். மேட்டூரில் தண்ணீர் திறந்ததிலிருந்து அறுவடை வரை, இந்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்று அந்தந்த வாரமே சொல்ல அதனால்தான் முடியும். பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர், இதெல்லாம் நம்ம மண்ணுக்கு ஆகாது என்பார். இன்னொருவர், போட்டுத்தான் பார்ப்போமே என்பார். நெல்லுக்குப் பெயர் பிறந்த இடம் அந்தத் திண்ணைதான் என்று நினைக்கிறேன்.

அந்த வானொலிப் பேச்சுகளில் இன்று எத்தனை இருக்கின்றன? மிகச் சொற்பம். ஆரம்ப காலத்தில் எல்லாமே நேரடி ஒலிபரப்பு, பேசினார்கள், போய்விட்டது. காந்த நாடா வந்த பிறகும் அது விலை உயர்ந்த சாமான். ஒரு ஸ்பூலில் பதிந்ததை ஒலிபரப்பி முடித்ததும், அழித்துவிட்டு அடுத்த நிகழ்ச்சியை அதிலேயே பதிவார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். உலகம் முழுக்க அதுதான் வழக்கம். பணத்துக்குக் குறைவில்லாத பி.பி.சி.யே தன்னுடைய புகழ்பெற்ற 'டாக்டர் ஹூ' தொடரில் 97 பகுதிகளைத் தொலைத்துவிட்டு நின்றது. டெல்லியில் 1954-ல் ஆகாசவாணி ஒலி ஆவணக் காப்பகம் தொடங்கியது. அங்கே தலைவர்களின் உரைகள் இருக்கின்றன, பெரிய வித்வான்களின் கச்சேரிகள் இருக்கின்றன. 1947 நவம்பர் 12 அன்று காந்தியடிகள் டெல்லி நிலையத்துக்கு வந்து அகதிகளிடம் பேசியதை இன்றும் கேட்கலாம். ஆனால் குருத்துப்பூச்சியைப் பற்றி ஆடுதுறையிலிருந்து வந்து பேசியவரின் குரலை யார் எடுத்து வைப்பார்கள்? தஞ்சை ஜில்லாவின் சாப்பாட்டுத் தட்டை மாற்றியது அந்தக் குரல்தான். பெரிய மனிதர்களின் குரலை மட்டும் பத்திரப்படுத்தினால் நமக்கு மிஞ்சுவது வானொலியின் விருந்தினர் பட்டியல். அதை வரலாறு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். வைகுண்ட ஏகாதசி விடியற்காலையில் பரமபதவாசல் திறப்பைத் திருச்சி வானொலி நேர்முக வருணனையாகத் தரும். வருணனையாளர் வேலை லேசுப்பட்டதல்ல. ரத்னாங்கி சார்த்திய நம்பெருமாள் புறப்பட்டதிலிருந்து ஆயிரங்கால் மண்டபம் போய்ச் சேருகிறவரை, எங்கோ ஒரு கிராமத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கு அவர் காட்டியாக வேண்டும். ஊர்வலம் தாமதித்தால் இவர் நிறுத்த முடியாது; கூட்டத்தின் 'ரங்கா ரங்கா' மைக்கை மூடினால் இவர் பேச முடியாது. டி.வி. வந்தபின் வருணனை என்பது படத்துக்குப் பின்னால் ஓடுகிற பேச்சாகச் சுருங்கிவிட்டது. பழைய வருணனைகள் வரிசையாகக் கிடைத்தால், ஒரு தமிழ் உரைநடையே எப்படி உருவாகி எப்படித் தேய்ந்தது என்று எழுதலாம். திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனை அஞ்சலுக்கும் இதே கதைதான். ஆனால் பாட்டு என்பதால் அதை வீட்டில் பதிந்துவைத்த ரசிகர்கள் உண்டு. வருணனைக்கு அந்த யோகமும் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த டி.எஸ். ரங்கராஜன் என்ற இளைஞர் சினிமாவுக்குப் போய்க் கவிஞர் வாலி ஆவதற்கு முன் திருச்சி வானொலிக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய சினிமாப் பாடல்களுக்குப் பட்டியல்கள் இருக்கின்றன. வானொலிக்கு எழுதியவற்றுக்கு அப்படி ஒரு பட்டியலை நான் பார்த்ததில்லை.

ஒலி போய்விட்டது, காகிதம் முழுக்கப் போய்விடவில்லை. இங்கிலாந்தில் கேவர்ஷாம் என்ற இடத்தில் பி.பி.சி. 1970-லிருந்து தன்னுடைய கடிதங்கள், ஒப்பந்தங்கள், நிகழ்ச்சிப் பிரதிகள் எல்லாவற்றையும் தனியாக ஓரிடத்தில் வைத்திருக்கிறது. நாடாவை அழித்தவர்கள் காகிதத்தைக் காத்தார்கள். அதனால்தான் அந்த நாட்டில் ஒலிபரப்பைப் பற்றித் தடிதடியாகப் புத்தகம் வருகிறது. நம்மிடம் அப்படி ஒரு கட்டடம் இல்லை, வீடுகள் இருக்கின்றன. சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் தில்லைநகரிலும், தாத்தா ஒரு தடவை வானொலியில் பாடினார், பாட்டி மாதர் நிகழ்ச்சியில் பேசினாள் என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய. அந்தப் பாட்டுக்கும் பேச்சுக்கும் வந்த ஒப்பந்தத் தாளில் தேதி, நேரம், எத்தனை நிமிஷம், எத்தனை ரூபாய் எல்லாம் இருக்கும். தபாலாபீசில் வருஷத்துக்கு 15 ரூபாய் கட்டிப் புதுப்பித்த ரேடியோ லைசென்ஸ் புத்தகமும் சில பெட்டிகளில் கிடக்கும். ரேடியோ ஒரு தெருவுக்குள் எப்போது நுழைந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இவற்றில் எதை முதலில் தேடுவது என்று கேட்டால், 'வானொலி' பத்திரிகையை என்பேன். ஆல் இந்தியா ரேடியோவே நடத்திய பத்திரிகை. சென்னை, திருச்சி நிலையங்களின் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே அச்சிட்டுத் தந்தது. எந்த நாள் எத்தனை மணிக்கு யார் எதைப் பாடினார், எந்த நாடகம், யார் எழுதியது என்று அதிலிருந்தே பட்டியல் போடலாம். இதழ்கள் வரிசையாகக் கிடைத்தால், வாலியின் வானொலி நாடகங்களுக்குத் தேதி போடும் வேலையை ஒரு கல்லூரி மாணவர் கோடை விடுமுறையிலேயே முடித்துவிடுவார். பரணில் ஒரு கட்டு வைத்திருக்கிறவர்கள் இந்தக் கட்டுரை வெளிவரும் பத்திரிகையின் அலுவலகத்துக்கு ஒரு கார்டு போடுங்கள்.

(அடுத்த வாரம்: திருச்சி மொட்டை மாடிகளில் டி.வி. ஆன்டெனா ஏறிய கதை)