விலாங்கு பிறந்த கடல்

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. இருதிறத்தாரிடமும் நல்லவராய் நடிப்போரைச் சுட்ட இதனை ஆள்கிறோம். ஆயின், இப்பழியைச் சுமக்கும் அவ்வுயிர் எங்கே பிறக்கிறது என்று வகுப்பில் ஒரு மாணவன் வினவினால் நம்மில் எத்தனை பேர் விடையிறுப்போம்? சேற்றில் பிறக்கிறது என்று எண்ணியிருந்தால் அதற்காக நாணவேண்டியதில்லை. அறிவுலகமே நெடுங்காலம் அவ்வாறுதான் எண்ணியிருந்தது.

கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில், விலாங்கின் உடலில் முட்டையோ விந்தோ காணாமையால், அது ஈரமண்ணிலிருந்து தானே தோன்றுவதாகக் கருதினார். 1777இல்தான் இத்தாலியரான கார்லோ மொந்தினி பெண் விலாங்கின் சூலகத்தை அடையாளங்கண்டார். ஆண் விலாங்கின் உறுப்பைத் தேடி 1876இல் திரியெஸ்த் நகரில் ஏறத்தாழ 400 விலாங்குகளை அறுத்து ஆய்ந்தார் ஒரு மாணவர். பின்னாளில் உளப்பகுப்பாய்வின் தந்தையெனப் புகழ்பெற்ற சிக்மண்ட் ஃபிராய்டே அவர். அவருக்கும் உறுதியான விடை கிட்டவில்லை. ஆற்றில் வாழும் விலாங்கு இனப்பெருக்க முதிர்ச்சி அடைவதில்லை. கடல்நோக்கிச் சென்ற பின்னரே முழுமையாக முதிர்கிறது. இவ்வுண்மை அறியப்படாதவரை, எத்தனை உடல்களை அறுத்தும் பயனில்லாது போயிற்று.

1896இல் கிராஸி, கலாந்துருச்சியோ என்னும் இத்தாலிய அறிஞர் இருவர், வேறொரு மீனினமாகக் கருதப்பட்ட, இலைபோல் தட்டையான கண்ணாடி உயிர் ஒன்று விலாங்காக உருமாறுவதைக் கண்டறிந்து வெளியிட்டனர். டென்மார்க்கு நாட்டு யோகான்னஸ் ஷ்மித், அவ்விளவுயிர்கள் எங்கெங்கே மேலும் மேலும் சிறியனவாய்க் கிடைக்கின்றன என்று அட்லாண்டிக் கடலெங்கும் பல்லாண்டுகள் வலைவீசித் தேடினார். மிகச் சிறியவை கிடைத்த சர்காசோ கடலே ஐரோப்பிய விலாங்கின் பிறப்பிடம் என்று 1922இல் முடிவு கூறினார்.

இனி நம் வாயிலுக்கு வருவோம். ஷ்மித்தின் தலைமையில் 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றிய ‘டானா’ ஆய்வுக்கப்பல், சுமத்திராவின் மேற்கே இந்தியப் பெருங்கடலிலும் விலாங்கின் இளவுயிர்களைத் திரட்டியது. அவற்றை ஆராய்ந்த யெஸ்பர்சன் 1942இல் வெளியிட்ட அறிக்கை, மெந்தாவாய்த் தீவுகளை ஒட்டிய ஆழ்கடலை வெப்பமண்டல விலாங்குகளின் முட்டையிடும் இடமாகச் சுட்டியது. மேனி ஒரேநிறமாயுள்ள இனமும், திட்டுத்திட்டாய்ப் புள்ளியுள்ள இனமும் பினாங்கு உள்ளிட்ட தீபகற்ப மலேசியாவின் வடமேற்குப் பகுதியில் வாழ்வதை அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். இவ்வினங்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் உள்ளன.

இவற்றின் வாழ்க்கை வியப்புக்குரியது. ஆழ்கடலில் பொரித்த குஞ்சு, இலைவடிவில் சில திங்கள் நீரோட்டத்தில் மிதந்து வருகிறது. கரையை அணுகுகையில் உடல் உருண்டு, கண்ணாடி விலாங்காகிறது. ஆற்றில் ஏறியபின் நிறம்பெற்றுப் பல்லாண்டுகள் வளர்கிறது. இறுதியில் வெள்ளிநிறம் கொண்டு, கண்கள் பெரிதாகி, குடல் சுருங்கி, உணவைத் துறந்து கடலுக்குத் திரும்புகிறது. அங்கே ஒருமுறை முட்டையிட்டு மடிகிறது. அதன் செவிக்கல்லில் நாள்தோறும் படியும் நுண்வளையங்களை எண்ணியே அறிஞர் இப்பயணத்தின் காலத்தைக் கணிக்கின்றனர். ஆயினும், இயற்கைக் கடலில் விலாங்கு முட்டையிடும் காட்சியை இன்றுவரை எவரும் கண்டதில்லை. சப்பானிய விலாங்கின் முட்டைகளே 2009இல்தான் மரியானாத் தீவுகளுக்கு மேற்கே முதன்முதலாகக் கிடைத்தன.

ஈராயிரம் ஆண்டுகள் தேடிப்பெற்ற இவ்வறிவு நமக்கொரு கடமையையும் உணர்த்துகிறது. ஐரோப்பாவின் கரையை வந்தடையும் இளவிலாங்குகள், 1980க்கு முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இன்று இல்லை. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுமதியை நிறுத்தியதும், வணிகரின் நாட்டம் தென்கிழக்காசிய இனங்களின்பால் திரும்பியது. ஆற்றின் குறுக்கே நிற்கும் அணையோ ஏறும் குஞ்சையும் இறங்கும் தாயையும் ஒருங்கே தடுக்கவல்லது. பினாங்குத் தீவிலும் ஆயர் ஈத்தாம் அணை 1962இலும், தெலுக் பஹாங் அணை 1999இலும் எழுந்தன. நகருக்குக் குடிநீர் இன்றியமையாதது. அதனை எவரும் மறுக்கார். எனினும், ஈரமான சரிவில் ஊர்ந்தேறும் இளவிலாங்குக்கென அணையோரத்தில் வழி அமைக்கும் முறை பிறநாடுகளில் உண்டு. அத்தகைய வழியை நாமும் எண்ணிப் பார்த்தல் தகும்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கிய நம் முன்னோரின் ஊர்ப்பெயரை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அவர்கள் நடந்துபோகும் பாலத்தின்கீழ் ஓடும் ஆறும் அத்தகைய வரலாறு உடையதே. சேற்றில் நெளியும் அவ்வுயிர் சேற்றில் பிறந்ததன்று; சுமத்திராவின் மேலைக்கடலிலிருந்து வந்தது; அங்கே திரும்பிச் சென்றாலொழிய அதன் வழித்தோன்றல் இல்லை. பழமொழியைக் கற்பிக்கும் ஆசிரியர் இதனையும் உடன் கற்பித்தல் வேண்டும். ஆற்றில் குப்பையை எறிய ஓங்கும் கை, அதனை அறிந்தபின் சற்றேனும் தயங்கும்.